சுண்ணாம்பு படாத தோல்

கத்திரி வெயில் தொடங்கிய அன்றைக்கு, தண்ணீர் பார்த்துப் பல வருஷமான பாலாற்று மணலில், கிழக்கேயிருந்து கடல்காரிகள் நீந்தி வந்தார்கள். கல்மேட்டுப்பேட்டையில் அவர்களை முதலில் பார்த்தவர்கள் மணல் லாரிக்காரர்கள். அவர்கள் கல்யாண ஊர்வலத்துக்கு ஒதுங்குவதைப்போல வண்டியை ஓரம்கட்டி, ஹாரன்கூட அடிக்காமல் வழிவிட்டார்கள். காய்ந்த மணல் முன்னால் விலகிப் பின்னால் மூடிக்கொண்டது. ஈர முதுகும், சுண்டுவிரல் போலச் சின்னக் காதும், முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட கறுத்த கண்ணுமாக, ஆடு கத்துவதற்கும் பெண்பிள்ளை அழுவதற்கும் நடுவே ஒரு குரலில் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். கூப்பிடுவார்கள், நிற்பார்கள், காது கொடுப்பார்கள், மறுபடியும் கூப்பிடுவார்கள்.

வனத்துறையிலிருந்து ஜீப்பில் வந்த ரேஞ்சர் அம்மாள் அதற்குக் கடல்நாய் என்று பெயர் சொன்னாள். டீக்கடையில் அந்தப் பெயர் எடுபடவில்லை. "புள்ளையத் தேடிகினு வந்திருக்கிற தாயிங்கள நாயின்னு சொன்னா வாய் வெந்துபூடும்" என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து அவர்கள் கடல்காரிகள். ஒன்றை ஊர் ஏற்றுக்கொள்வதற்குப் பெயர் வைத்தால் போதும், காரணம் கேட்பதெல்லாம் வேலை இல்லாதவர்கள் வேலை.

பிள்ளையைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பது எப்படித் தெரியும் என்றால், கூப்பிட்ட குரலுக்கு ஜியாவுத்தீன் சாயபுவின் ஷாப்பிலிருந்து பதில் வந்தது. தோல் பதனிடுகிற இடத்தை அந்த ஊரில் ஷாப்பு என்பார்கள். அங்கே கொட்டகையில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்த குட்டித் தோல்கள், உப்பும் காய்ச்சலும் கண்டு முறுகிப்போய், உள்ளே எலும்போ சதையோ மூச்சோ இல்லாமல், ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தன. கீழே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சோற்றில் துரும்பு விழாமல் இருக்க நாலடி தள்ளி உட்கார்ந்தார்கள்.

அந்தப் பதிலைத் தன் வீட்டுக்குள்ளிருந்தும் கேட்டவள் பவுனு ஒருத்திதான்.

பவுனு அந்த ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்காரி. தொட்டியில் ஊறின தோலைக் கொக்கி போட்டு இழுத்து, மழுங்கல் கத்தியால் முடியை வழித்துத் தள்ளுவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் தொட்டிக்குள் இறங்கியவள், விரல் நுனியெல்லாம் வெந்து ரேகை அழிந்து, எவ்வளவு சோப்புப் போட்டாலும் சுண்ணாம்பு நெடி போகாமல், அதே கையோடு தாலியும் கட்டிக்கொண்டு மறுவாரமே தொட்டிக்குத் திரும்பியவள். தை மாதம் துறைமுகத்தில் ஏலத்தில் போன மூட்டைகளைச் சாயபு மலிவாக எடுத்துவந்து இறக்கினார். தெற்கே, எந்தத் தேசப்படத்திலும் கடைசியில் இருக்கிற ஒரு குளிர்ந்த கரையில், தாய்கள் கடலுக்கு மேயப் போன நேரம் பார்த்து, ஆட்கள் தடியோடு இறங்கி, சர்க்கார் அனுமதி கொடுத்த எண்ணிக்கைக்குக் குட்டிகளை மடக்கி அடித்து உரித்த தோல்கள் அவை என்பது சாயபுவுக்குத் தெரியாது. கறுப்பாக, முடி அடர்ந்து, சின்னதாக இருந்தன. ஏதோ சீமை ஆடு என்று நினைத்தார்.

மேஸ்திரி கண்ணாயிரம் மூட்டையைப் பிரித்தான். முப்பது வருஷத் தொழிலில் முடியோடு வந்த தோல் எதையும் அவன் முடியோடு விட்டதில்லை. கையை விட்டுத் துழாவினான், விரல் அடிவரைக்கும் போகவில்லை, மேலே முரட்டு முடியும் கீழே பஞ்சைவிட மெல்லிய முடியுமாக அப்படி ஓர் அடர்த்தி. "இன்னாடா இது, குளிருக்குப் பொறந்ததா? ரெண்டு தபா சுண்ணாம்பு கேக்கும் போலகீதே" என்று சொல்லி, வந்ததில் பாதியைத் தொட்டியில் தள்ளினான். பவுனுக்கு அப்போது ஆறாவது மாசம். வயிற்றைத் தொட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டு அத்தனையையும் அவள்தான் வழித்தாள். வழித்த முடி சாக்கடையில் கறுப்பு நுரையாகப் போனது. அப்புறந்தான் சென்னையிலிருந்து போன் வந்தது: அந்தத் தோலுக்கு விலையே முடிதான், முடியை எடுத்துவிட்டால் அது செருப்பு உள்பட்டைக்குக்கூட ஆகாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சாயபு தன்னைத்தானே திட்டிக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டகையில் தொங்கவிட்டார்.

அடுத்த மாசமே பவுனுக்கு இடுப்பு வலி கண்டு, ஏழாம் மாசத்துப் பிள்ளையாக ஒரு பெண் பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. அழவில்லை, சூடு நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பெட்டிக்கு அடுத்த பிள்ளை காத்திருந்ததால் கையில் கொடுத்து, "எப்பவும் கதகதப்பா வச்சுக்கோம்மா, சூடு விட்டா புள்ள விட்டுரும்" என்று அனுப்பினார்கள். துணி சுற்றினாள், புருஷன் சம்பங்கியின் ஸ்வெட்டர் சுற்றினாள், தவிட்டைச் சூடுபண்ணி மூட்டை கட்டிப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளை நீலம் பாய்ந்துகொண்டே இருந்தது. மேஸ்திரியிடம் போய் நின்றாள். ஓரத்தில் கிழிந்திருந்த ஒரு தோலை அவன் உருவிப் போட்டான். "எடுத்துனு போ. சாயபு கேட்டா எலி தின்னுச்சின்னு சொல்லிக்கறேன்."

அந்தத் தோலில் சுற்றிய அன்றைக்குப் பிள்ளை சிவந்தது. அன்றிலிருந்து தோலைக் கழற்றினால் நீலம், சுற்றினால் சிவப்பு. பாலும் குடித்தது. பவுனுக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வெயில் ஏறி ஊரே விசிறிக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டில் மட்டும் ஒரு பிள்ளை குளிர்நாட்டுத் தோலுக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கடல்காரிகள் வந்தது அப்போதுதான்.

முதல் வாரம் ஊர் திருவிழா மாதிரி இருந்தது. மதரசா பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவர்கள் முதுகில் ஊற்றினார்கள், சர்ச்சில் அவர்களுக்காக ஒரு ஜெபம் கூட்டினார்கள், மாரியம்மன் கோயிலில் வார்த்த கூழில் முதல் செம்பு ஆற்றுக்குப் போனது. மீன் மார்க்கெட்டில் தலையும் வாலும் சேர்த்துவைத்து அனுப்பினார்கள். எதையும் அவர்கள் தொடவில்லை. ஒவ்வொருத்தியாக ஷாப்பு கொட்டகைக்குள் போவாள், கூப்பிடுவாள், தொங்குகிற நூற்றில் ஒன்று மட்டும் அவளுக்குப் பதில் சொல்லும், மற்றதெல்லாம் வாய் மூடி இருக்கும். போய் அதை முகர்வாள். முகர்ந்துவிட்டுப் பல்லால் மெதுவாகக் கவ்வி இறக்கி, வந்த வழியே மணலில் நீந்திப் போய்விடுவாள். சாயபு நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தடுக்கவில்லை. "அதோட அம்மா வந்து கேக்குறா, நான் எந்த மூஞ்சிய வச்சுகினு இல்லன்னு சொல்றது" என்றார், அவ்வளவுதான்.

கொட்டகை காலியானது. ஆனால் ஆற்றில் பாதிப் பேர் மிச்சம் இருந்தார்கள். அவர்கள் கூப்பிட்டார்கள், காது கொடுத்தார்கள், கூப்பிட்டார்கள். முடி வழித்த தோல்கள் ஷாப்பின் பின்கட்டில் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. அவர்கள் அதன் மேலேயே ஏறிப் போனார்கள், அடையாளம் தெரியவில்லை. சுண்ணாம்பு பட்ட தோலுக்கு வாசனையும் இல்லை, வாயும் இல்லை.

அதை ஊர் புரிந்துகொண்டது. பிறகு பெண்கள் கூடிப் பேசினார்கள். பிள்ளை செத்த வீட்டுக்கு என்ன செய்வோமோ அதைச் செய்வது என்று முடிவானது: துக்கம் கேட்கப் போனார்கள். கோடித்துணி எடுத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தெருத் தெருவாக வெயிலில் ஆற்றுக்கு இறங்கி, ஆளுக்கு ஒரு கடல்காரி பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கடல்காரிகள் அழவில்லை. கட்டிக்கொண்ட கைகளுக்கு மேலாகத் தலையைத் தூக்கிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை செத்துப்போனது தெரியாதவளிடம் துக்கம் கேட்டுவிட்டு வருவதைப்போலக் கொடுமை வேறு இல்லை; வந்த பெண்கள் வீட்டில் நாலு நாள் சமைக்கவில்லை.

பவுனு துக்கத்துக்குப் போகவில்லை. அவள் வாசலில் ஒரு கடல்காரி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அவள் கூப்பிட்டபோது தோல் பதில் சொன்னது. தோலை இறுக்கிச் சுற்றி, மேலே கம்பளி போட்டு அமுக்கினாள் பவுனு. பிறகு ஒரு நாள் குளிப்பாட்டுவதற்காகத் தோலைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது, வாசலில் குரல் கேட்டது. மடியிலிருந்து பதில் போனது. கொடியில் தோல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிறந்த நாளாய் அழாத பிள்ளை, அந்தக் குரலில், அந்தக் குரல் மட்டுமே தெரிந்ததைப்போல, கழுத்தை வாசல் பக்கம் திருப்பிக் கூப்பிட்டது.

அதற்கப்புறம் பால் குடிப்பதும் மாறிப்போனது. இரண்டு மூன்று நாள் வாயே வைக்காது. பவுனுக்கு மார் கட்டி ரவிக்கை நனைந்து ஜன்னி மாதிரி காயும். பிறகு ஒரு மத்தியானம் பிடித்ததென்றால் பொழுது சாயும்வரை விடாது. ரேஞ்சர் அம்மாளைக் கேட்டாள். நல்லவள் அவள், கையேட்டில் இந்த ஆற்றுக்கு இந்த மிருகம் எழுதவில்லை என்பதால் மேலே என்ன எழுதி அனுப்புவது என்று தெரியாமல் மரத்தடியில் ஜீப்பில் உட்கார்ந்திருப்பாள்.

"இதுங்க இனமே அப்படித்தாம்மா," என்றாள். "தாய் கடலுக்குப் போனா நாள்கணக்கா மேய்ஞ்சிட்டு வரும், குட்டி கரையில பட்டினியா காத்துக் கிடக்கும். வந்து பால் குடுத்தா நெய் மாதிரி கெட்டியா குடுக்கும். ஆயிரம் குட்டிக்கு நடுவுல தன்னோடத குரலை வச்சே கண்டுபிடிக்கும். கிட்டப் போயி முகர்ந்து பார்த்துத்தான் சேர்க்கும்."

"மோந்து பாத்து, தன்னுது இல்லன்னா?"

"கடிச்சுத் தூக்கி எறிஞ்சிடும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அடுத்ததோடது அதுக்குக் குஞ்சே இல்ல."

பவுனு வீட்டுக்கு வந்து பிள்ளை முன்னால் உட்கார்ந்து, கண்ணு என்றாள், ராசாத்தி என்றாள், என் தங்கமே என்றாள். பிள்ளை கூரையைப் பார்த்தது. ஒரு தடவைகூட, பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவைகூட, அது அவள் குரலுக்குத் திரும்பியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தெரு இரண்டாகப் பிரிந்து பேசியது. பக்கத்து வீட்டு ஷம்ஷாத், பவுனோடு ஒரே தொட்டியில் வேலை செய்கிறவள், "குடுத்துருடி, அவ வயிறு எரிஞ்சா நம்ம வயிறு வேவும்" என்றாள். சம்பங்கிக்கு மனசு கேட்கவில்லை. ஷாப்பில் தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம் ஓட்டுகிறவன், பேச்சு குறைவு, ஆனால் இரண்டு வாரமாக வாசலைத் தாண்டி வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கறுத்த கண்ணைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது.

"குடுத்தா புள்ள குளிர்ல பூடும். வச்சிருந்தா புள்ள அவளுதாப் பூடும்," என்றான். "சுண்ணாம்புல ஒரு முக்கு முக்கிருவோம் பவுனு, மயிரு உதிர்றதுக்குள்ள தூக்கிரலாம். தோலோட வாய் மூடிக்கும். அவ ஆத்துல அதுங்களோட சேந்துக்குவா. நம்ம புள்ளைக்கு அந்தக் கொரலு மறந்துபூடும்."

தப்பு என்று பவுனுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனாள். ஞாயிற்றுக்கிழமை, ஷாப்பில் ஆள் இல்லை. ஷம்ஷாத் பிள்ளையைச் சேலைத் தலைப்புக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு தொட்டிக்கு அப்பால் நின்றாள். பவுனு தோலைக் கொக்கியில் மாட்டினாள். வாசலில் இருந்த கடல்காரி பின்னாலேயே வந்து தொட்டி விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, என்ன செய்கிறாள் இவள் என்று வெள்ளை நீரைப் பார்த்தாள். தடுக்க அவளுக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பு என்றால் என்ன என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவள் கூப்பிட்டாள். ஷம்ஷாத்தின் சேலைக்குள்ளிருந்து பிள்ளை பதில் சொல்லத் தொடங்கியது. பவுனு கொக்கியைத் தாழ்த்தினாள். தோலின் ஓரம் ஒரு கையகலம் நனைந்தது.

பிள்ளையின் குரல் பாதியில் நின்றது. தொண்டையை யாரோ பிடித்ததைப்போல நின்றது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் இல்லை. "இழுடீ! இழு, பாவி!" என்று ஷம்ஷாத் அலறினாள். பவுனு கொக்கியைப் பிடுங்கி எறிந்து, தோலைத் தன் வயிற்றோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அப்புறம் பிள்ளை மூச்சு விட்டது. கடல்காரி அப்போதும் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பவுனு பிள்ளையைத் தோலில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள். சம்பங்கி கரையில் நின்றான். ஊர் பின்னால் நின்றது. சாயபு, மேஸ்திரி, ரேஞ்சர் அம்மாள், டீக்கடைக்காரன் எல்லோரும் நின்றார்கள். மணலில் கிடந்த கடல்காரிகள் தலை தூக்கினார்கள். பவுனு நடுமணலில் பொதியை இறக்கிவைத்து இரண்டடி தள்ளி மண்டியிட்டாள். கடித்து எறிந்தால் ஓடிப் பிடிக்க இரண்டடி. எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வந்திருக்க மாட்டாள்.

கடல்காரி வந்தாள். கூப்பிட்டாள். பிள்ளை பதில் சொன்னது. அவள் உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. குனிந்து தோலின் கழுத்துப் பக்கம் முகர்ந்தாள், முதுகை முகர்ந்தாள், மீசையால் தடவித் தடவிப் பார்த்தாள், தொண்டைக்குள் ஏதோ கொஞ்சினாள். பிறகு பிள்ளையின் தலையை முகர்ந்தாள். பிள்ளையின் வாயை முகர்ந்தாள். அந்த வாயில் பவுனின் பால் இருந்தது. தொட்டியில் இடுப்பளவு நின்று நின்று வேர்வையிலும் ரத்தத்திலும் சுண்ணாம்பு ஏறிப்போனவளின் பால். கடல்காரி மூக்கைச் சுருக்கித் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள்.

பவுனு எழுந்துவிட்டாள். ஆனால் கடல்காரி கடிக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள். தோலின் ஓரத்தைப் பல்லால் பிடித்து, தூங்குகிற பிள்ளைக்குக் கீழேயிருந்து பாயை உருவுவதுபோல அத்தனை மெதுவாக உருவினாள். பிள்ளை வெறும் உடம்போடு மணலில் உருண்டது. அவள் தன் பிள்ளையைக் கவ்விக்கொண்டு கிழக்கே திரும்பிப் போனாள்.

பிள்ளை அவளைக் கூப்பிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டு நீலம் பாய்ந்தது. பவுனு பாய்ந்து எடுத்து, ரவிக்கையைக் கிழித்து வெறும் மார்போடு அணைத்து, கண்ணு என்றாள், ராசாத்தி என்றாள், அம்மாடி இங்க பாரு, நான்தான், நான்தான் என்றாள். பிள்ளையின் கண் கிழக்கே இருந்தது. கை கால் சில்லிட்டது. கூப்பிடும் குரல் இளைத்துக்கொண்டே வந்தது. பவுனுக்கு வார்த்தை எல்லாம் தீர்ந்தது. தீர்ந்த பிறகு வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல், ஆடு கத்துவதற்கும் பெண்பிள்ளை அழுவதற்கும் நடுவிலே இருந்தது. கரையில் நின்ற சம்பங்கி காதைப் பொத்திக்கொண்டான்.

பிள்ளை திரும்பியது. முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தது. மூக்கை அவள் தோளில், கழுத்தில், மார்பில் வைத்து முகர்ந்துகொண்டே போய், சுண்ணாம்பு நெடி எங்கே அடர்ந்திருந்ததோ அங்கே வாயை வைத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. காது கேட்கிறது, பாடம் படிக்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். சாயங்காலம் மணி அடித்ததும் ஒரே நிறச் சட்டையில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் கேட்டுக்கு முட்டிக்கொண்டு வரும்போது, தாய்மார்கள் ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள். பவுனு ஓரமாக நின்று அந்தக் குரலில் கூப்பிடுவாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பழகிவிட்டது. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு பதில் வரும். கூடவே தூரத்தில் ஆற்றுமணலில் இன்னும் கிடக்கிற கடல்காரிகள் அத்தனை பேரும் தலை தூக்கிக் காது கொடுப்பார்கள். பவுனு ஒரு முறைதான் கூப்பிடுவாள். இரண்டாம் முறை கூப்பிட்டால் அவர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். வந்து ஒவ்வொருத்தியாகப் பவுனின் மகளை முகர்ந்து பார்க்கும்போது, உன் பிள்ளையை நான்தான் வழித்தேன் என்று அவர்களிடம் சொல்ல அவளுக்குக் குரல் இல்லை.